பங்களா வேண்டாம், ஷெட் கொடுங்கள்

பெங்களூரு பேலஸ் ரோட்டில் இருக்கும் மாணிக்கவேலு மாளிகையின் வாசற்படியில் அப்பா செருப்பைக் கழற்றி வைத்தார். யாரும் கழற்றச் சொல்லவில்லை. அங்கே அப்படி ஒரு விதியும் கிடையாது. எங்களுக்கு முன்னால் போன கல்லூரிப் பையன்கள் ஷூ காலோடுதான் உள்ளே போனார்கள். வாசலில் நின்ற காவலர்கூட, "போட்டுக்கிட்டே போங்க சார்" என்று தமிழிலேயே சொன்னார். அப்பா சிரித்தபடி, "பரவாயில்லப்பா, பெரிய வீடு" என்றார்.

அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். இது யார் வீடு? எத்தனை ரூம் இருக்கும்? அவங்க குடும்பம் இப்போ எங்க இருக்கு? சுவரில் தொங்கிய எந்தப் படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, ஏதோ பணக்காரச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தவர் மாதிரி நடந்தார்.

அப்பா கூச்ச சுபாவி அல்ல. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் 31 வருஷம் ஷீட் மெட்டல் ஃபிட்டராக இருந்தவர். போனஸ் பேச்சுவார்த்தைக்கு முதலாளி அறைக்குள் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசியவர். அவரைக் கையைக் கட்டிக்கொள்ள வைத்தது ஓவியம் இல்லை. அந்த வீடு.

இதை அந்த அருங்காட்சியகத்தின் மீதான குறையாக நான் சொல்லவில்லை என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். தேசிய நவீனக் கலைக்கூடத்தின் பெங்களூருக் கிளை, நம் நாட்டில் அரசு செய்த நல்ல காரியங்களில் ஒன்று. மைசூர் யுவராஜாவின் குடும்பத்திடமிருந்து, மாங்கனீசு, குரோம் சுரங்கங்களில் பணம் சேர்த்த மாணிக்கவேலு முதலியார் அந்த மாளிகையை வாங்கினார். பிறகு 1960களில் நகர மேம்பாட்டு வாரியத்தின் கைக்கு வந்தது. கடைசியில் மத்தியக் கலாச்சார அமைச்சகத்திடம் வந்து, பழைய வீட்டைக் கெடுக்காமல் பழுது பார்த்து, பின்பக்கம் புதிதாக ஒரு கூடம் சேர்த்து, 2009 பிப்ரவரி 18 அன்று திறந்தார்கள். மூன்றரை ஏக்கர். பெரிய மரங்கள் அப்படியே நிற்கின்றன. நான் பெங்களூருவில் வேலை பார்த்த நான்கு வருஷத்தில் மனம் சரியில்லாத ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் அங்கேதான் கழித்தேன். ஒரு தமிழ் முதலியார் வாங்கிய வீட்டில், கன்னட தேசத்து மர நிழலில், இந்திய நவீன ஓவியத்தைக் கற்றுக்கொண்டவன் நான். அந்த நன்றி எனக்கு உண்டு.

ஆனால் என் சண்டை வேறு இடத்தில்.

சென்னையில் ஓவியம், இலக்கியம் என்று பேசுகிற நாலு பேர் ஒன்றாகச் சேர்ந்தால் ஒரு புலம்பல் கட்டாயம் வரும். டெல்லிக்கு ஒரு தேசிய நவீனக் கலைக்கூடம், மும்பைக்கு ஒன்று, பெங்களூருக்கு ஒன்று, நமக்கு மட்டும் இல்லை. மெட்ராஸ் இயக்கம் என்று ஒன்று நடந்த ஊருக்கு இல்லை. ராய் சௌத்ரியும் பணிக்கரும் தனபாலும் ஆதிமூலமும் வேலை செய்த ஊருக்கு இல்லை. இதுவரை நானும் தலையாட்டுவேன். அடுத்து ஒரு யோசனை வரும். அதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "சேத்துப்பட்டுல, அடையாறுல எத்தனை பழைய பங்களா இடியுது, அதுல ஒண்ணை கவர்மெண்ட் எடுத்து பெங்களூர் மாதிரி பண்ணினா என்ன?"

போன மாதம் ஒரு புத்தக வெளியீட்டில், டீக்கடை பெஞ்சில், என் ஓவிய நண்பர் ஒருவர் இதையே சொன்னார். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். பஸ் வந்துவிட்டது. அன்று சொல்ல முடியாமல் போன பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் டெல்லிக் கதை. தேசிய நவீனக் கலைக்கூடம் தொடங்கியது 1954 மார்ச் 29. திறந்து வைத்தவர் அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். (எங்கள் ரயில் பாதைக்காரர். அம்பத்தூரில் திருத்தணி வண்டி ஏறினால் அவர் ஊரில் இறங்கலாம்.) கூடம் அமைந்த இடம் ஜெய்ப்பூர் ஹவுஸ். ஜெய்ப்பூர் மகாராஜா டெல்லிக்கு வந்தால் தங்குவதற்காக 1936இல் பட்டாம்பூச்சி வடிவில் கட்டிய மாளிகை. புதிய குடியரசு தன் புதிய கலையை வைக்க இடம் தேடியபோது ராஜா வீடுதான் கிடைத்தது. புரிந்துகொள்ளக்கூடியதுதான், காசு இல்லாத காலம். ஆனால் இதற்குப் பத்து மாதம் கழித்து, 1955 ஜனவரியில், நம் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடியது. சோசலிச பாணிச் சமுதாயம்தான் லட்சியம் என்று தீர்மானம் போட்டார்கள். பள்ளிப் பாடத்தில் ஆவடி என்ற பெயர் வருவதே இதனால்தான். ஆவடித் தீர்மானத்துக்குப் பிறகு ஆலை கட்டினார்கள், அணை கட்டினார்கள், எங்கள் ஊரில் டாங்கித் தொழிற்சாலை கட்டினார்கள். கலைக்கு மட்டும் ராஜா வீடே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜெய்ப்பூர் ஹவுஸ் புல்வெளியில் ராய் சௌத்ரியின் 'உழைப்பின் வெற்றி' நிற்கிறது. நாலு தொழிலாளிகள் கடப்பாரையும் கட்டையும் கொடுத்து ஒரு பாறையை நெம்புகிற வெண்கலச் சிலை. அதே சிலைதான் 1959இல் நம் மெரினாவில் வைக்கப்பட்டது. நாம் உழைப்பாளர் சிலை என்கிறோம். டெல்லியில் அவர்கள் மகாராஜாவின் புல்தரையில் பாறை நெம்புகிறார்கள். இங்கே பஸ் ஸ்டாப்புக்கு எதிரே நெம்புகிறார்கள். எந்தச் சிலையைத் தமிழ்நாட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தச் சிலையைக் காட்டி, "பாரு, நரம்பு எப்பிடி புடைச்சிருக்கு" என்று சொல்லத் தெரிந்தது. டிக்கெட் இல்லை, வாசற்படி இல்லை, கழற்ற வேண்டிய செருப்பும் இல்லை.

நண்பர் உடனே சொல்வார், அது சிலை சார், வெயில் மழையில் நிற்கும், கேன்வாஸ் நிற்குமா என்று. வருகிறேன், அதற்கும் வருகிறேன்.

சென்னை ஏற்கெனவே இந்தப் பங்களா வழியில் ஒருமுறை போய்ப் பார்த்த ஊர். எழும்பூர் அருங்காட்சியகம் இருக்கும் இடம் எது? 1778இல் ஹால் ப்ளூமர் என்கிற கம்பெனி ஊழியருக்குத் தரப்பட்ட 43 ஏக்கர் தோட்டம். அங்கே அவர் ஒரு தோட்ட வீடு கட்டிக்கொண்டார். பிறகு அது கனவான்கள் கூடி ஆடிப்பாடுகிற 'பாந்தியன்' ஆயிற்று. பாந்தியன் சாலை என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அதுதான். 1851இல் தொடங்கிய அருங்காட்சியகம் சில வருஷத்தில் அங்கே குடிபோனது. அந்த இடத்துக்கு நம் சனங்கள் வைத்த பெயர் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்'. வெகுளித்தனம் என்று நாம் சிரிக்கிறோம். எனக்கு அது கறாரான விமர்சனமாகப் படுகிறது. அந்த வளாகத்துக்குள்ளேயே ஒரு ஓரத்தில் தற்காலக் கலைக்கென்று ஒரு கட்டடம் இருக்கிறது. அமராவதிச் சிற்பமும் வெண்கல நடராஜரும் பார்த்துக் களைத்த பள்ளிப் பிள்ளைகளை டீச்சர்கள் அந்தப் பக்கம் திருப்புவதை நான் பார்த்ததே இல்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மெட்ராஸில் நவீனக் கலை எங்கே பிறந்தது? பங்களாவில் இல்லை.

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்கிற ராணுவ டாக்டர் பிராட்வேயில் தன் சொந்தப் பொறுப்பில் ஒரு கலைப்பள்ளி தொடங்கினார். இரண்டு வருஷத்தில் அரசு எடுத்துக்கொண்டது. பெயரே தொழிற்கலைப் பள்ளி. மண்பாண்டம், மரவேலை, உலோக வேலை என்று பட்டறை நடத்திய பள்ளி. 1898 வாக்கில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்கிற எஞ்சினியர் அங்கேதான் அலுமினியப் பாத்திரம் அடிக்க ஆரம்பித்தார். பித்தளைக்கும் செம்புக்கும் மாற்றாக அலுமினியத்தை இந்தியச் சமையலறைக்குக் கொண்டுவந்த சோதனை நடந்தது ஓவியக் கல்லூரிப் பட்டறையில்! நம் வீட்டில் சோறு வடித்த அந்தச் சப்பிப்போன குண்டானுக்கும் ராய் சௌத்ரியின் சிலைக்கும் ஒரே காலேஜ். இதை முதன்முதலில் படித்தபோது அப்பாவுக்கு போன் பண்ணிச் சொன்னேன். "அலுமினியம் இழுக்கறது கஷ்டம்டா, கிழிஞ்சிரும்" என்றார்.

அந்தப் பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் இருக்கிறது. பழைய பெயரில் பூந்தமல்லி ஹைரோடு. கல்லூரி வாசலில் நின்று மேற்கே பார்த்து நேராக நடக்கத் தொடங்கினால் கீழ்ப்பாக்கம், அமைந்தகரை, கோயம்பேடு, மதுரவாயல் தாண்டிப் பூந்தமல்லியில் போய் நிற்பீர்கள். மெட்ராஸ் நவீனக் கலையின் தாய்வீட்டுக்கும் எங்கள் பேட்டைக்கும் ஒரே ரோடு. ஆனால் அந்தக் கலை இந்த ரோட்டில் மேற்கே வந்ததே இல்லை. கிழக்கே போனது, தெற்கே போனது. ஆழ்வார்ப்பேட்டை, ஈசிஆர்.

ஈசிஆர் என்றதும் சோழமண்டலத்தைச் சொல்ல வேண்டும். 1966இல் பணிக்கரும் அவர் மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிப் போட்டார்கள். காசு எப்படி வந்தது? பாத்திக் துணி போட்டு விற்று. காலையில் சாயத்தொட்டி, மாலையில் ஓவியம். எந்த மகாராஜாவும் வீடு கொடுக்கவில்லை, எந்தச் சுரங்க முதலாளியும் கொடுக்கவில்லை. கைத்தொழிலில் சம்பாதித்துத் தாங்களே குடிசை போட்டுக்கொண்டார்கள். மெட்ராஸ் இயக்கத்தின் படைப்புகளை ஒரே இடத்தில் பார்க்க இன்றைக்கு உள்ள ஒரே உருப்படியான அருங்காட்சியகமும் அங்கேதான் இருக்கிறது. அதையும் அவர்களே வைத்தார்கள். அரசாங்கம் செய்திருக்க வேண்டியதைக் கலைஞர்கள் செய்தார்கள். அதைக் கொண்டாடிவிட்டு அரசாங்கத்தை விட்டுவிடுகிறோம் நாம்.

பெங்களூரு போய் வந்த அடுத்த வருஷம் அப்பாவை அங்கேயும் கூட்டிப்போனேன். கொஞ்சம் பிடிவாதம்தான். அம்பத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி இரண்டரை மணி நேரம். இறங்கும்போதே அப்பா கடுப்பில் இருந்தார். செருப்பைக் கழற்றவில்லை. செடிகளுக்கு நடுவே மண்ணில் சிற்பங்கள் நிற்கிற இடம், கழற்றத் தோன்றவும் தோன்றாது.

பணிக்கரின் மகன் நந்தகோபாலின் ஒரு சிற்பத்துக்கு முன்னால் நின்றார். செம்பும் பித்தளையும் வைத்து ஒட்டி எழுப்பிய வேலை. முன்னால் இருந்து பார்த்தால் ஏதோ ஒரு சாமி, வாகனம், தோரணம் மாதிரி. நான் வாயைத் திறந்து 'முன்முகத்தன்மை', 'மரபின் மீட்டெடுப்பு' என்றெல்லாம் ஆரம்பிக்கப் போனேன். அப்பா காதில் வாங்கவில்லை. பின்பக்கம் போய்விட்டார். குந்தி உட்கார்ந்து கீழிருந்து மேலே ஒவ்வொரு ஜாயிண்டாகப் பார்த்தார். "டேய் தம்பி, இங்க வா. இது பிரேசிங். பித்தளை ராடு வெச்சு கேஸ்ல பண்ணியிருக்கார். இவ்ளோ மெல்லிசு தகட்டுல சூடு கொஞ்சம் ஏறினாலும் நெளிஞ்சிரும். நெளியல பாரு." கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்தைக் காட்டி, "இங்க நெளிஞ்சிருக்கு. ஆனா வேணும்னு விட்டிருக்கார். அது தெரியுது" என்றார்.

வேணும்னு விட்டிருக்கார். நான் பத்து வருஷம் கலை விமர்சனம் படித்து அந்த வாக்கியத்துக்கு வந்து சேரவில்லை. கைவினைக்கும் கலைக்கும் என்ன வித்தியாசம் என்று கருத்தரங்கு போடுகிறார்களே, அதற்கு அப்பா குந்தி உட்கார்ந்து பதில் சொல்லிவிட்டார்.

ஜானகிராமின் தகட்டு வேலை முன்னால் இன்னும் அரை மணி நேரம். ஜானகிராம் செப்புத் தகட்டை அடித்து முகம் செய்தவர், கோயில் மூலவருக்குச் சார்த்துகிற கவசத்திலிருந்து அந்த வழியைப் பிடித்தவர். நான் இதைச் சொன்னதும், "அப்ப இவரும் ஷீட் மெட்டல்தான்" என்றார் அப்பா. அதில் இருந்த திருப்தியை எழுத எனக்குத் தெரியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், அந்த ஆளுக்கு எத்தனை கேஜ் தகடு, எந்தச் சுத்தியல் என்று கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

ஒரு அப்பாவை வைத்துக் கோட்பாடு கட்டக்கூடாது என்று எனக்குத் தெரியும். நான் சாப்ட்வேர்க்காரன், சாம்பிள் சைஸ் ஒன்று என்றால் என்ன அர்த்தம் என்று தெரிந்தவன். ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டில் 1960கள் முதல் எத்தனை ஆயிரம் ஃபிட்டர், டர்னர், வெல்டர், மோல்டர் வேலை பார்த்திருக்கிறார்கள்! 1949இலிருந்து சைக்கிள் செய்த ஊர் இது. பக்கத்து ஆவடியில் டாங்கி செய்கிறார்கள். இந்தியாவிலேயே உலோகத்தைப் பற்றி இத்தனை பேருக்குக் கையால் தெரிந்த இடங்கள் அதிகம் இருக்காது. மெட்ராஸ் சிற்பிகளின் வேலையைப் பின்பக்கம் போய்ப் பார்க்கத் தெரிந்த ரசிகர் கூட்டம் இங்கே இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கும் அந்தச் சிற்பத்துக்கும் நடுவே 40 கிலோமீட்டரும் இரண்டு பஸ்ஸும் இருக்கின்றன. இப்போது நண்பர் அதற்கு மேல் ஒரு பங்களா காம்பவுண்டுச் சுவரையும் எழுப்பச் சொல்கிறார்.

பாரம்பரியக் கட்டடத்தைக் காப்பாற்ற வேண்டாமா என்றால், வேண்டும். காப்பாற்றி நூலகம் வையுங்கள், இசைப்பள்ளி வையுங்கள். இடியாமல் இருப்பதற்காக ஓவியத்தைக் கொண்டுபோய் அதில் முட்டுக் கொடுக்காதீர்கள். இரண்டும் தனித்தனிப் பிரச்சினை. இரண்டு பிரச்சினையை ஒரே பேட்ச்சில் தீர்க்கிறேன் என்று சொல்கிற புரோகிராமரை நான் நம்புவதில்லை.

வெளிநாட்டு உதாரணம் கேட்பவர்களுக்கு: வெனிஸில் பெகி குகன்ஹைமின் வீடு அருங்காட்சியகம் ஆனது. சரி, அவர் அந்த வீட்டில் முப்பது வருஷம் அந்தப் படங்களோடு வாழ்ந்தார். அங்கே வீடும் சேகரிப்பும் ஒரே கதை. சேத்துப்பட்டு பங்களாவில் ஜானகிராமோடு வாழ்ந்தவர் யார்? டென்மார்க்கில் லூயிசியானா என்று ஒரு புகழ்பெற்ற நவீனக் கலை அருங்காட்சியகம், 1958இல் தொடங்கியது. அதுவும் பத்தொன்பதாம் நூற்றாண்டு மாளிகைதான். (வீட்டைக் கட்டியவரின் மூன்று மனைவிகளுக்கும் லூயிஸ் என்றே பெயர், அதனால் இந்தப் பெயர்.) ஆனால் அங்கே பழைய வீடு வெறும் வாசல். அதைத் தாண்டித் தோட்டத்துக்குள் தாழ்வான கண்ணாடி நடைகளாக அருங்காட்சியகம் ஓடுகிறது. வீட்டின் அதட்டலைக் குறைப்பதற்குத்தான் அவர்கள் அத்தனை மெனக்கெட்டார்கள். பெங்களூருவிலும் பின்பக்கப் புதிய கூடத்துக்குப் போனபோதுதான் அப்பா பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்தார் என்பது இப்போது ஞாபகம் வருகிறது.

இவ்வளவு தூரம் போவானேன், கொச்சிக்குப் போங்கள். 2012இல் பினாலே தொடங்கியபோது அவர்கள் பிடித்தது ஆஸ்பின்வால் ஹவுஸ். பெயர்தான் ஹவுஸ், உண்மையில் மிளகும் கயிறும் எண்ணெயும் கையாண்ட வியாபாரக் கம்பெனியின் கிடங்கு வளாகம். நான் போன அன்று ஒரு ஆட்டோக்காரர் மனைவி குழந்தைகளோடு, சாயம்போன சுவர் முன்னால் நின்று, எது கலை எது சுவர் என்று சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மாளிகையில் அப்படிச் சத்தம் வராது. கிடங்கில் வரும், ஏனென்றால் அது மூட்டை தூக்கிய இடம். லண்டன்காரர்கள்கூட 2000இல் ஒரு பழைய மின்நிலையத்தைத்தான் டேட் மாடர்ன் ஆக்கினார்கள்.

இனி வெயில். அம்பத்தூர் ஷெட்டில் மே மாதம் கேன்வாஸ் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்பது நியாயமான கேள்வி. நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு ஜாவா எழுதப் போனவன், படித்ததில் மிச்சம் இருப்பதை வைத்துப் பதில் சொல்கிறேன். பழைய ஆலைகளின் கூரையை ரம்பப் பல் மாதிரிப் போட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். நார்த் லைட் ட்ரஸ். ஒவ்வொரு பல்லின் நிமிர்ந்த பக்கத்திலும் வடக்குப் பார்த்துக் கண்ணாடி. நேர் வெயில் விழாது, நிழல் ஆடாது, நாள் முழுக்க ஒரே மாதிரியான வெளிச்சம் கிடைக்கும். லேத்தில் மைக்ரோமீட்டர் பார்க்கிறவனுக்கு அந்த வெளிச்சம் வேண்டும். ஐரோப்பிய ஓவியன் வடக்கு ஜன்னல் வைத்த அறையைத் தேடி அலைந்ததும் அதே வெளிச்சத்துக்காகத்தான். ஃபிட்டருக்கும் ஓவியனுக்கும் தேவைப்பட்ட வெளிச்சம் ஒன்று. அது அம்பத்தூரில் அரை நூற்றாண்டாக ஓசியில் கிடைக்கிறது. சென்னை 13 டிகிரி அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரை உச்சி வெயில் கொஞ்சம் வடக்கே சாயும், கண்ணாடி வழியாக எட்டிப் பார்க்கும். அதற்கு ஒரு சரிவுத் தடுப்பு போட்டால் போதும். கேன்வாஸுக்கும் காகிதத்துக்கும் ஷெட்டுக்குள்ளேயே தனி அறை கட்டி அதை மட்டும் குளிரூட்டலாம். டப்பாவுக்குள் டப்பா. எஸ்டேட்டில் நாலு தெருவுக்கு ஒரு சர்வர் ரூம் இப்படித்தான் இருக்கிறது. கம்ப்யூட்டருக்குச் செய்யத் தெரிந்ததை ஆதிமூலத்தின் கோட்டோவியத்துக்குச் செய்யத் தெரியாதா? உலோகம், கல், சுடுமண் எல்லாம் வெளியே ஹாலில் நிற்கட்டும். தூக்கி வைக்க மேலே கிரேன் இருக்கிறது. எந்தப் பங்களாவில் கிரேன் இருக்கிறது?

நேரம் ஒன்று பாக்கி. காலை ஒன்பதரைக்குத் திறந்து மாலை ஐந்துக்குப் பூட்டுகிற எழும்பூர் வழக்கம் இங்கே ஆகாது. முதல் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிற ஆளுக்கு இரவு ஒன்பது வரை திறந்திருக்க வேண்டும்.

அரசிடம் காசு இல்லை என்ற பேச்சை மட்டும் யாரும் எடுக்காதீர்கள். ஆவடி பக்கத்தில் பட்டாபிராமில் 21 மாடியில் டைடல் பார்க் 2024இல் திறந்தாகிவிட்டது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு மெட்ரோ பாதை போடுகிறார்கள். மேற்குப் புறநகர் என்று வந்தால் கட்டடமும் பாதையும் போட அரசுக்குத் தெரியும். ஆனால் எங்களுக்குத் தேவை வேலையும் வண்டியும் மட்டும்தான் என்று யாரோ முடிவு செய்துவைத்திருக்கிறார்கள். அரசைவிட இதில் எனக்குக் கோபம் நம் ஆட்கள் மேல். தொழிலாளியைப் பற்றிக் கவிதை எழுதுகிறோம், அவன் சிலைக்கு மே தினத்தில் மாலை போடுகிறோம், அருங்காட்சியகம் என்றால் போட் கிளப் பக்கம் கை காட்டுகிறோம்.

என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான் இப்போது வேலை பார்க்கிற கண்ணாடிக் கட்டடம் நிற்கும் இடத்தில் முன்பு ஒரு ஃபவுண்டரி இருந்தது. அப்பாவின் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள், நீச்சல்குளம் உண்டு என்று விளம்பரப் பலகை சொல்கிறது. ரம்பப் பல் கூரைகள் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டு எடைக்குப் போகின்றன. பங்களா இடிந்தால் ஆங்கிலப் பேப்பரில் பாதிப் பக்கம் கண்ணீர் வருகிறது. ஷெட் இடிந்தால் பழைய இரும்புக்காரர் மட்டும் வருகிறார். இன்னும் பத்து வருஷம் கழித்து அரசு மனம் மாறி அம்பத்தூருக்கு வந்தால், கொடுப்பதற்கு இங்கே ஷெட் இருக்காது.

எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது தெருவில் ஒன்று இன்னும் நிற்கிறது. 'வாடகைக்கு' என்ற பலகை தொங்கி இரண்டு வருஷம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை காலை நடை போகும்போது வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு அப்பாவும் நானும் உள்ளே போனோம். தரையில் எண்ணெய்க் கறை, மூலையில் புறா எச்சம், மேலே எட்டுப் பல் கூரை, கண்ணாடியில் பாதி உடைந்திருந்தது. அப்பா ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் காலடி வைத்து அளந்துகொண்டே நடந்தார். நூற்றி இருபது அடிக்கு அறுபது என்றார். அப்புறம் தலையைத் தூக்கி, துருப்பிடித்த தண்டவாளத்தில் நின்றுபோன கிரேனைப் பார்த்தார்.

"அஞ்சு டன்" என்றார். "மோட்டார் மட்டும் மாத்தணும்."